கெண்டே துணியும் அதைச் சொல்லும் புத்தகங்களும்

வேலை நிமித்தமாக இரண்டு வருடம் மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் இருந்தேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, "கெண்டே என்றால் அஷாந்தி ராஜாக்களின் துணிதானே?" என்று விஷயம் தெரிந்தவன் மாதிரி கேட்டுவிட்டேன். எதிரில் இருந்த எவே இன நண்பர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "எந்தப் புத்தகத்தில் படித்தாய்? அப்போ எங்க தாத்தா நெய்தது என்ன, சாக்கா?" என்றார். அதற்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் துணியைப் பற்றி. சுமார் 4 அங்குல அகலத்தில் நீளப் பட்டையாக நெய்து, துண்டு துண்டாக வெட்டி, பக்கத்தில் பக்கம் வைத்துத் தைப்பார்கள். ஆண்கள் போர்த்தும் பெரிய துணிக்குச் சுமார் 24 பட்டைகள். தறியில் இரண்டு ஜோடி விழுது. முதல் ஜோடியில் நெய்தால் பாவு தெரியும். இரண்டாம் ஜோடி பாவு நூல்களைக் கொத்தாகத் தூக்கும். அப்போது ஊடை நூல் பாவை மூடிக் கட்டம் விழும். விழுதின் கயிற்றைக் கால்விரல் இடுக்கில் பிடித்து இழுக்கிறார்கள். பாவின் மறுமுனையில் கல் பாரம்; நெய்ய நெய்ய அது தரையில் இழுபட்டு வரும். டிராயிங் எதுவும் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. ஒரு பட்டையில் கட்டம் சற்று நகர்ந்தாலும் தைக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்!

இனி புத்தகங்கள். டென்மார்க் வியாபாரி ரோமர் 1760-ல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி வருகிறது. அஷாந்தி அரசர் ஒபோக்கு, ஐரோப்பியப் பட்டுத் துணிகளை வாங்கி, நூல் நூலாகப் பிரித்து, மறுபடி நெய்யச் செய்தாராம். 1817-ல் குமாசி அரண்மனைக்குப் போன ஆங்கிலேயர் பௌடிச்சும், பிரித்த பட்டில் நெய்த விலையுயர்ந்த துணிகளைப் பிரமுகர்கள் போர்த்தியிருந்ததை 1819-ல் வந்த தன் நூலில் எழுதினார். 1927-ல் ராட்ரே எழுதிய 'ரிலிஜன் அண்ட் ஆர்ட் இன் அஷாந்தி' நெசவு முறையையும் வடிவங்களின் பெயர்களையும் விரிவாகப் பதிவு செய்தது.

கவனித்தீர்களா? மூன்றிலும் அஷாந்தி நெசவுதான். காரணம் எளிது. அஷாந்திக்கு ஒரே அரசர், ஒரே தலைநகர். தூதரும் வியாபாரியும் அங்கேதான் போனார்கள். குமாசிக்கு அருகிலுள்ள பொன்வீர் கிராமத்து நெசவாளர்கள் அரசருக்கென்றே சில வடிவங்களை நெய்தார்கள். எவே மக்களோ பல சிறு தலைவர்களின் கீழ் இருந்தவர்கள். முதல் உலகப் போருக்குப் பின் அவர்கள் நிலமே பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆட்சிகளுக்கிடையே பங்கு போடப்பட்டது. அவர்கள் நெசவாளர்கள் காசு கொடுத்தவர் யாருக்கும் நெய்தார்கள். விலங்கு, கை, நாற்காலி என்று உருவங்களையும் துணியில் கோத்தார்கள். அரண்மனை இல்லாததால் எழுதுகிறவர்களும் அதிகம் வரவில்லை.

1975-ல் வெனிஸ் லாம்ப் எழுதிய 'வெஸ்ட் ஆப்பிரிக்கன் வீவிங்' இரண்டு நெசவையும் சேர்த்துச் சொன்னது. 1992-ல் வந்த 'ஆப்பிரிக்கன் மெஜஸ்டி' தலைப்பிலேயே இரு பெயரையும் போட்டது. எவே நெசவுக்கென்றே மலிக்கா கிராமர் 2005-ல் லண்டனில் ஆய்வேடு சமர்ப்பித்தார்.

பெயர் விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். அதிபர் நிக்ருமாவின் மனைவி ஃபாத்தியாவின் பெயரில் ஒரு வடிவம் இருந்தது. 1966-ல் அவர் ஆட்சி கவிழ்ந்ததும், அதே துணிக்கு 'ஒருவரே நாட்டை ஆள்வதில்லை' என்ற பொருளில் வேறு பெயர் வந்துவிட்டது. துணி மாறவில்லை, பெயர்தான் மாறியது. ஆகவே புத்தகம் எந்த வருடத்தது என்று முதலில் பாருங்கள்.

சிலந்தியைப் பார்த்துக் கற்றோம் என்கிறது பொன்வீர் கதை. 'கெட்டே' என்பது எங்கள் சொல் என்கிறார்கள் எவே மக்கள். 2024-ல் யுனெஸ்கோ கெண்டே நெசவைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. யார் முதலில் என்ற வாதம் அதனால் முடிந்துவிடப் போவதில்லை.

தம்பி, தங்கைகளே! ராட்ரேயைப் படியுங்கள், ஆனால் கூடவே லாம்பையும் படியுங்கள். ஒரு கைத்தொழிலைப் பற்றிய நூலைக் கையில் எடுத்தால், எழுதியவர் யார் வீட்டுக்குப் போனார், யார் வீட்டுக்குப் போகவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் பேசியதற்காக நான் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த விடுமுறையில் அவர் தாத்தா நெய்த துணியை எடுத்து வந்து என் தோளில் போர்த்திக் காட்டினார். நல்ல கனம்!