தமிழ்க் கோப்புப் பெயர்களும் தோரணிப் பிழைகளும்

கட்டளை வரியில் இயங்கும் நிரல் ஒழுங்குபடுத்தும் கருவிக்கு, எந்தக் கோப்புகளைச் சீர்செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஒரு தோரணியால் குறிப்பர். அதற்குப் பொருந்தும் கோப்பு கிடைக்காதபோது எழுவது தோரணிப் பிழை. கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதும் இப்பிழை வருவதுண்டு. தமிழ்ப் பெயருள்ள கோப்புகளில் இதற்குரிய காரணம் ஒன்று எழுத்தின் வரலாற்றோடு தொடர்புடையது.

ஏலாக்குறிச்சியும் எழுத்தும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்த ஊர் ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் என்பது இதன் மற்றொரு பெயர். 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இங்குப் பல ஆண்டுகள் தங்கிப் பணியாற்றினார். இவ்வூர் அடைக்கல மாதாவின் மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்.

அவர் காலத்து ஏடுகளில் எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் பொதுவாக ஒரே வடிவமே இருந்தது, ஒகரத்துக்கும் அப்படியே. குறிலின் மேல் புள்ளியிட வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் புள்ளியிட்டால் துளை விழும் என்பதால் ஏடெழுதுவோர் அதை விட்டுவிட்டனர். ஆகவே ‘ஏலாக்குறிச்சி’ என்ற பெயரின் முதலெழுத்தைக்கூட இடம் நோக்கியே குறிலா நெடிலா என்று அறிய வேண்டியிருந்தது. ஒற்றைக்கொம்பின் தலையைச் சுழித்து நெடிலுக்கு இரட்டைக்கொம்பு அமைத்தவர் என வீரமாமுனிவர் போற்றப்படுகிறார். ஒரு வடிவம் இரண்டு ஒலிகளுக்கு நின்ற குழப்பம் இதனால் தீர்ந்தது.

தோரணியின் தோற்றம்

கோப்புத் தோரணி 1971ஆம் ஆண்டின் யூனிக்ஸ் முதற்பதிப்பிலேயே இருந்தது. தோரணியை விரிக்கும் வேலையை ‘குளோப்’ என்னும் தனி நிரல் செய்தது. பின்னர் அவ்வேலை ஷெல்லுக்குள்ளேயே சேர்ந்தது. இதில் * எத்தனை குறிகளுக்கும், ? ஒரே ஒரு குறிக்கும் பொருந்தும்.

ஷெல் விரித்த பின்னரே கருவிக்குப் பெயர்கள் போய்ச் சேரும் என்பதே பல பிழைகளுக்கு மூலம். எடுத்துக்காட்டாக, எல்லா உள்ளடைவுகளிலும் தேடும்  குறியை பாஷ் ஷெல் இயல்பாக ஒற்றை * போலவே கொள்ளும். அதனால் ஆழத்தில் உள்ள கோப்புகள் விடுபடும். தோரணியை மேற்கோள்குறிக்குள் இட்டால் ஷெல் அதைத் தொடாது. 2017இல் வெளிவந்த பிரிட்டியர் போன்ற கருவிகள் அப்போது தாமே அதை விரித்துக்கொள்ளும்.

ஒரு தோற்றம், இரு குறியெண் வரிசைகள்

1991இல் வெளிவந்த ஒருங்குறி முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் ‘கொ’ என்பதை இரு வகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒரு வகை. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் இரண்டு குறியெண்களாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. ‘கோ’வுக்கும் இந்நிலை உண்டு.

‘கொள்ளிடம்’ என்ற பெயர் முதல் வகையில் 9 குறியெண்கள், யுடிஎஃப்-8 முறையில் 27 பைட்டுகள். இரண்டாம் வகையில் 10 குறியெண்கள், 30 பைட்டுகள். லினக்ஸ் கோப்பு முறைமைகள் பொதுவாகப் பெயர்களைப் பைட் வரிசையாகவே ஒப்பிடுவதால் இவை இரண்டு வேறு பெயர்கள். 1998இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து வந்த ‘கொள்ளிடம்’ கோப்பை, சேர்ந்த வடிவில் தட்டச்சிட்ட கொ* என்ற தோரணி கண்டுகொள்ளாது. மாறாக, கெ* என்ற தோரணி அதைப் பிடித்துவிடும். ஏனெனில் அங்கு ககரத்தை அடுத்து நிற்பது ஒற்றைக்கொம்பே. தேவையான கோப்பு விடுபடுவதோடு வேண்டாத கோப்பு திருத்தப்படும் ஆபத்தும் இதில் உண்டு.

பிழை களையும் முறை

முதலில், கட்டளை எந்த அடைவிலிருந்து இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து, தோரணி மேற்கோள்குறிக்குள் உள்ளதா என்றும், விலக்குப் பட்டியலில் அக்கோப்பு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் பெயரைப் பைட்டுகளாக அச்சிட்டு, எந்த வகையில் எழுதப்பட்டது என அறியலாம். எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றுவது நிலையான தீர்வு.

மாறிய கோப்புகளின் பட்டியலைக் கிட்டிலிருந்து கருவிக்கு அனுப்பும்போது இன்னொரு தடை உண்டு. கிட் இயல்பாகத் தமிழ்ப் பெயர்களை எழுத்துகளாகக் காட்டாமல் எண்ம எண்களாக மாற்றி, மேற்கோள்குறிக்குள் தருகிறது. அந்த அமைப்பை நிறுத்திய பிறகே கருவியால் பெயரை அறிய முடியும்.

வீரமாமுனிவர் காலத்தில் ஒரு வடிவத்துக்கு இரண்டு வாசிப்புகள் இருந்தன. கணினியில் ஒரே வாசிப்புக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. அன்றைய வாசகர் இடம் நோக்கி எழுத்தை அறிந்துகொண்டார். தோரணியை ஒப்பிடும் கருவிக்கு அந்த வாய்ப்பில்லை. எனவே ஒரு திட்டத்தில் சேருவோர் அனைவரும் கோப்புப் பெயர்களை ஒரே வடிவில் எழுதுவது என முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது அவசியம்.