மியாவ் என்றால் அம்மா!

காலை நாலரை மணி. சேலையூரில் எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர்கூட இன்னும் வந்திருக்க மாட்டார். என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மோட்டார் ஓட ஆரம்பிக்கும். 'கொர்ர்ர்ர்...' சரி, செல்லம் கொஞ்சுகிறது என்று புரண்டு படுக்கலாம் என்றால், முடியாது. அந்த மோட்டார் சத்தத்துக்குள் ஒரு மெல்லிய அழுகை கலந்திருக்கும். அது என்னவோ செய்யும். எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தால்தான் நிம்மதி.

எங்கள் வீட்டு மணியைச் சொல்கிறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய ஜாதிப் பூனை எல்லாம் இல்லை. ஒரு ஐப்பசி மழையில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் குடியேறி, அப்படியே ஹாலுக்கு வந்து, பிறகு என் தலையணைக்குப் பதவி உயர்வு பெற்றவர்.

'இந்தப் பயல் நம்மை ஏமாற்றுகிறான்' என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அது வெறும் சந்தேகம் இல்லை என்று ஒரு பெண்மணி நிரூபித்திருக்கிறார். இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் என்ற ஆராய்ச்சியாளர். அவரையும் தினமும் காலையில் அவருடைய பூனை பெப்போ இப்படித்தான் எழுப்பிக் கொண்டிருந்தது. நாமாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்போம். அவர் மைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்!

பூனைகள் சும்மா சுகமாக இருக்கும்போது போடுகிற 'கொர்ர்'ரையும், சோறு கேட்கும்போது போடுகிற 'கொர்ர்'ரையும் தனித்தனியாகப் பதிவு செய்து, ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டினார். பூனையே வளர்க்காதவர்கள்கூட, 'இந்த இரண்டாவது சத்தத்தில் ஒரு அவசரம் இருக்கிறதே' என்றார்கள். பிரித்துப் பார்த்தால், அடித்தொண்டை உறுமலுக்கு நடுவே உச்சஸ்தாயியில் ஓர் அழுகை ஒளிந்திருந்தது. அதன் அலைவரிசை, கைக்குழந்தை அழுகிற அலைவரிசைக்குப் பக்கத்தில்! கம்ப்யூட்டரில் அந்த அழுகையை மட்டும் நீக்கிவிட்டுப் போட்டதும் அவசரம் குறைந்துவிட்டது. 2009ல் இந்த ஆராய்ச்சி வெளியானது. நான் அதைப் படித்துக் காட்டியபோது மணி முகம் கழுவிக்கொண்டிருந்தான். துளி வெட்கம் இல்லை.

நான் பி.காம். ஆசாமி. எதையும் வரவு-செலவாகப் போட்டால்தான் புரியும். நாய்க்கும் நமக்கும் உள்ள கணக்கு நேரானது. காவல் காக்கிறது, சோறு போடுகிறோம். பூனைக் கணக்கு? அதுவும் ஆரம்பத்தில் நியாயமாகத்தான் இருந்தது. மனிதன் விவசாயம் கற்றுக்கொண்டு தானியத்தைச் சேர்த்து வைத்தான். எலி வந்தது. எலிக்குப் பின்னாலேயே காட்டுப்பூனை வந்தது. யாரும் அதைக் கட்டி இழுத்து வரவில்லை. அதுவாக வந்து, கணக்குப் பார்த்து, தங்கிவிட்டது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடங்களுக்கு முந்தைய கல்லறை ஒன்றில், மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். இன்றைய வீட்டுப் பூனைகள், ஆப்பிரிக்கா, மேற்காசியப் பக்கத்துக் காட்டுப்பூனையின் வாரிசுகள் என்பதை 2007ல் மரபணு ஆராய்ச்சி சொன்னது. எந்த ஊரில், எப்போது முழுசாக 'வீட்டுப் பூனை' ஆனது என்பதில் மட்டும் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் பிறாண்டல் நடந்துகொண்டிருக்கிறது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். சங்கப் பாட்டுகளில் பூனை வருகிறது. ஆனால் எங்கே? வேலிக்கு அந்தப் பக்கம்! அதற்கு 'வெருகு' என்று பெயர். குறுந்தொகையில் ஒரு காட்சி: சாயங்கால நேரம், வேலியோரம் வெருகுகளைப் பார்த்துவிட்டு வீட்டுக் கோழி பதறிப்போய்த் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. புறநானூற்றிலும் இதேபோல் இருட்டில் வருகிற எதிரிதான். தொல்காப்பியத்தின் மரபியல், வெருகுக்குப் 'பூசை' என்ற பெயரும் உண்டு என்கிறது. மலையாளத்தில் இன்றும் 'பூச்ச'தானே? பல நூற்றாண்டு கழித்துக் கம்பர், 'பாற்கடலையே நக்கிக் குடித்துவிடலாம் என்று ஆசைப்பட்ட பூனை மாதிரி நான் ராமாயணம் எழுதக் கிளம்பினேன்' என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிறாரே, அந்தப் பூனை பால் ருசி கண்டது. கிட்டத்தட்ட நம் வீட்டுப் பூனை!

தாம்பரத்திலிருந்து வண்டியை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு பாறைக்கு முன்னால் எல்லோரும் யானையோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அடுத்த தடவை போனால் யானையின் தந்தத்துக்கு அருகே கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஒரு பூனை பின்னங்காலில் நின்று, கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் கும்பிடு போடுகின்றன! ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியின் குறும்பு. கங்கைக் கரையில் கைதூக்கி நின்று எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இருக்கிறது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் கல் பூனை வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பதுதான் அதன் தந்திரம்.

பூனையின் குரலைச் சரியாகக் கவனித்தவர்கள் என்று நான் நினைப்பது வைணவப் பெரியவர்களை. வடகலைக்குக் குரங்குக்குட்டி, தென்கலைக்குப் பூனைக்குட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டிக்கு அந்த வேலை இல்லை. தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். இதில் எது பக்தி என்ற விவாதத்துக்குள் நான் தலையைக் கொடுக்கப் போவதில்லை, காஞ்சிபுரத்தில் எனக்குச் சொந்தக்காரர்கள் அதிகம்! எனக்கு வேண்டியது அந்தப் பூனைக்குட்டி. அது செய்கிற ஒரே காரியம் 'மியாவ்' என்று கத்துவது.

ரகசியம் அங்கேதான் இருக்கிறது. வளர்ந்த பூனைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று மியாவ் சொல்வது அபூர்வம். சீறும், உறுமும், ஊளையிடும். வாலைக் கொடிக்கம்பமாகத் தூக்கிக்கொண்டு போய் வணக்கம் சொல்லும். மியாவ் என்பது குட்டி தன் தாயிடம் பேசுகிற பாஷை. வளர்ந்ததும் விட்டுவிட வேண்டியது. வீட்டுப் பூனை மட்டும் விடுவதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வருகிறது. அதாவது... பெல்ட், மீசை, பான் கார்டு சகிதம் இருக்கும் நான், மணிக்கு அம்மா!

1944லேயே அமெரிக்காவில் மில்ட்ரெட் மோல்க் என்ற பெண்மணி, பூனைச் சத்தங்களைக் காதாலேயே கேட்டு, வாயை மூடியபடி, திறந்து மூடியபடி, திறந்தே வைத்தபடி என்று மூன்று பிரிவாக்கி, பதினாறு வகை எழுதி வைத்தார். 2004ல் நிக்கோலஸ் நிகாஸ்ட்ரோ என்பவர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா மிருகக்காட்சிசாலைக் காட்டுப்பூனைகளின் குரலையும் வீட்டுப் பூனைகளின் குரலையும் ஒப்பிட்டார். வீட்டுப் பூனையின் குரல் சின்னது, கீச்சென்றது, மனிதக் காதுக்கு இனிமையானது. நம்முடன் வாழ்ந்து வாழ்ந்து குரலையே பதப்படுத்திக்கொண்டுவிட்டது.

சரி, நாம் பேசுவது அதற்குப் புரிகிறதா? ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்பவர் இதைத்தான் சோதித்தார். எஜமானர் குரலைப் பூனைக்கு அடையாளம் தெரிகிறது (2013). தன் பெயரும் தெரிகிறது (2019). கூப்பிட்டால் காது திரும்புகிறது, தலை அசைகிறது. எழுந்து மட்டும் வராது! தெரியாமல் இல்லை சார், இஷ்டமில்லை. 2020ல் சஸெக்ஸ்காரர்களே இன்னொன்றும் சொன்னார்கள். பூனையை முறைக்காமல், கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால், அதுவும் பதிலுக்கு அப்படியே செய்கிறதாம். இன்று ராத்திரி செய்து பாருங்கள். வீட்டில் வேறு யாராவது பார்த்தால் நான் பொறுப்பல்ல.

இவ்வளவும் படித்துவிட்டு, பூனை பாஷையில் டாக்டர் பட்டம் வாங்கிய மிதப்பில் இருந்தேன். போன வருஷம் ஒரு நாள் மணி வழக்கத்துக்கு மாறாகக் கத்த ஆரம்பித்தான். அடித்தொண்டையில் நீளமாக. மணல் தொட்டிக்குப் போவான், உட்காருவான், கத்துவான், வருவான். மறுபடி போவான்.

"என்னங்க, இவன் ஒரு மாதிரியா கத்தறான்" என்றாள் மனைவி.

"சீசன். துணை தேடறான்" என்றேன், ஏதோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி. மாடி வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே ஆமோதித்தார்.

மறுநாள் கத்தல் நின்றுவிட்டது. 'அப்பாடா' என்றேன். பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மதியம் மீன்காரம்மா ஹாரன் அடித்தும் வெளியே வரவில்லை. அப்போதுதான் மனைவி தரையில் படுத்து, கையை நீட்டி அவனை இழுத்தாள். வயிறு கல் மாதிரி இருந்தது. துண்டில் சுற்றி, ஆட்டோ பிடித்து, தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் ஓடினோம்.

சிறுநீர்ப் பாதை அடைப்பு. ஆண் பூனைகளுக்கு அந்தப் பாதை மிகவும் குறுகல், அதனால் இது சகஜமாம். ஓரிரு நாள் விட்டால் உயிர் போய்விடும். டாக்டர் குழாய் போட்டுக்கொண்டே கேட்டார்: "எத்தனை நாளா கத்தறான் சார்?"

"நேத்திலேர்ந்து... ஆனா இன்னிக்கு அமைதியா இருந்தான் டாக்டர்."

"அமைதியா ஆனதும் தூக்கிட்டு ஓடி வரணும் சார். ரொம்ப வலிச்சா பூனை ஒளிஞ்சுக்கும், சொல்லாது."

பசிக்குக் குழந்தைக் குரலில் அழத் தெரிந்தவன், வலி முற்றியதும் வேலிக்கு அந்தப் பக்கத்து வெருகாகிவிட்டான். காட்டில் முனகுகிற பூனையை வேறொன்று தின்றுவிடும். அந்தப் பயம் மட்டும் அவனைவிட்டு இன்னும் போகவில்லை.

நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். இளைத்துப்போய், முன்னங்காலில் ஊசிக்காக மழித்த இடத்தோடு. முதல் வேலையாக வீடு முழுக்க முகர்ந்துவிட்டு, பீரோவுக்கு மேலே ஏறி உட்கார்ந்தான். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் கீழே நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிக் காட்டினேன். ம்ஹூம்.

எட்டு நாள் இப்படியே போனது. நாலரை மணிக்கு எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடும். இருட்டில், அசையாமல், காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். தாம்பரம் யார்டிலிருந்து முதல் எலெக்ட்ரிக் டிரெயின் கிளம்புகிற சத்தம் கேட்கும். தலையணைப் பக்கம் ஒன்றும் கேட்காது.

ஒன்பதாவது நாள், போர்வையின் மேல் நாலு கால் நடந்து வந்தது.