சொல்லைப் பாடக் கற்பித்தவர்

பாடத் தகுதியற்றவர் எனப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட மாணவி ஒருவர், பின்னாளில் பாடகர்களை உருவாக்கும் ஆசிரியராக உயர்ந்தார். அவரே லோட்டே லேமன். ஜெர்மனியின் பெர்லபெர்க் என்னும் சிற்றூரில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர். பெர்லினில் எட்டெல்கா கெர்ஸ்டரின் இசைப்பள்ளி, இவருக்குப் பயிற்சியளிப்பதில் பயனில்லை என்று கூறி வெளியேற்றியது. வாக்னரின் 'மைஸ்டர்சிங்கர்' இசை நாடகம் 1868-இல் அரங்கேறியபோது ஏவாவாக நடித்த மதில்டே மாலிங்கர் அம்மையாரே இவரை ஏற்றுப் பயிற்றுவித்தார்.

1910-இல் ஹாம்பர்க் அரங்கில் சிறு வேடமொன்றில் தொடங்கிய லேமன், சில ஆண்டுகளில் வியன்னாவின் பெரும்பாடகியானார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'ரோசன்கவாலியர்' நாடகத்தில் இளநங்கை சோஃபி, காதலன் ஆக்டேவியன், முதுமையை எதிர்நோக்கும் மார்ஷலின் ஆகிய மூன்று வேடங்களையும் வெவ்வேறு காலங்களில் ஏற்ற பெருமை இவருக்குண்டு. 1938-இல் ஆஸ்திரியா ஹிட்லரின் ஆட்சிக்குள் வந்தபின் அமெரிக்காவையே வாழ்விடமாகக் கொண்டார்.

1951 பிப்ரவரி 16 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் பாடியபோது, நிகழ்ச்சியின் நடுவே, இதுவே தம் விடைபெறும் கச்சேரி என அறிவித்தார். இறுதியில் ஷூபர்ட்டின் 'இசைக்கு' என்னும் பாடலைத் தொடங்கியவரால் அதன் கடைசிச் சொற்களைப் பாட இயலவில்லை. கண்ணீர் குரலை அடைத்தது. பியானோ மட்டுமே பாடலை நிறைவு செய்தது.

அவர்தம் பணி அங்கு முடியவில்லை. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 1947-இல் 'மியூசிக் அகாடமி ஆஃப் தி வெஸ்ட்' என்னும் இசைக் கழகம் தோன்றத் துணைநின்ற அவர், அங்கேயே ஆசிரியரானார். மூச்சும் தொண்டையும் பற்றிய நுட்பங்களைவிடப் பாடலின் பொருளையே அவர் முதன்மையாகக் கற்பித்தார். கவிதையின் உள்ளத்தை உணராமல் எழும் இனிய ஒலி வெறும் ஒலியே என்பது அவர் கொள்கை. 1945-இல் வெளிவந்த அவர் நூலின் பெயரே 'பாடுவதற்கும் மேலாக' என்பதாகும். சொல்லே வாழ்வாகக் கொண்ட கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய கருத்து இது.

அவர் மாணவியருள் குறிப்பிடத்தக்கவர் கிரேஸ் பம்ப்ரி. போட்டியொன்றில் வென்று பெற்ற கல்வி உதவித்தொகை இருந்தும், கறுப்பினத்தவர் என்பதால் செயின்ட் லூயிஸ் இசைக்கல்லூரியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. லேமனோ அவரைச் சாண்டா பார்பராவுக்கு அழைத்து மூன்றாண்டுகளுக்கு மேல் பயிற்றுவித்தார். அம்மாணவி 1961-இல், எதிர்ப்புக் குரல்களைக் கடந்து, வாக்னரின் பைராய்ட் அரங்கில் வீனஸாகப் பாடினார். அந்த அரங்கில் பாடிய முதல் கறுப்பினப் பாடகி அவரே.

1976-இல் லேமன் மறைந்தார். திறமையில்லை என்று ஒரு பள்ளி மூடிய கதவு, மாலிங்கரால் அவருக்குத் திறந்தது. நிறத்தைக் காட்டி மற்றொரு பள்ளி மூடிய கதவை, அவர் தம் மாணவிக்குத் திறந்தார். ஆசிரியப் பணியின் பெருமை இதனினும் வேறு யாதோ?