நொக்ஸ் கண்ட மலைநாட்டுக் கிராமம்

பதினேழாம் நூற்றாண்டின் கண்டி இராச்சியத்திலே லகுந்தெனிய என்று ஓர் ஊர் இருந்தது. மலையுச்சி ஒன்றில் தனித்து நின்ற அவ்வூரில் வீடுகள் நான்கைந்துக்கு மேல் இல்லை. அயலில் வேறு ஊரும் இல்லை. அரசனது சினத்துக்கு ஆளானோரை அனுப்பிவைக்கும் இடமென்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. தான் அந்நாட்டிற் கண்ட ஊர்களுள் மிக அவலமானவற்றுள் ஒன்றென அதனைக் குறித்துவைத்தார் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். எனினும், அவ்விடத்து மக்கள் தம்மை நன்கு நடத்தினர் என்பதையும் அவர் மறைத்தாரல்லர். மூன்றாண்டளவு அங்கே வாழ்ந்தபின் தாமும் ஊரைச் சலித்தார், ஊராரும் தம்மைச் சலித்தனர் என்று நகைச்சுவை தோன்ற எழுதுகின்றார்.

நொக்ஸ் கண்டி நாட்டுக்கு விரும்பி வந்தவரல்லர். ‘ஆன்’ என்னும் கப்பல் புயலிற் பாய்மரம் முறிந்து, அதனைச் செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அங்கே கப்பற்றலைவரான தந்தையாரும், பத்தொன்பது வயதினரான மகனும், வேறு சிலரும் 1660 ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தந்தையார் மறு ஆண்டிலே காய்ச்சலால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் தங்கி, 1679 இல் மல்வத்து ஓயா எனச் சிங்களவரும் அருவியாறு எனத் தமிழரும் வழங்கும் ஆற்றின் கரைவழியே தப்பி, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது.

இந்நூலின் தனிச் சிறப்பு யாதெனின், எழுதியவர் அரண்மனையில் விருந்துண்ட தூதுவருமல்லர், கோட்டையிலிருந்து கேள்விப்பட்டதை எழுதிய அதிகாரியுமல்லர் என்பதே. சிறைப்பட்டோரைக் கண்டியரசன் இருட்டறையில் அடைக்கவில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்து, வீட்டுக்கு வீடு முறைவைத்து உணவளிக்குமாறு ஊராருக்குக் கட்டளையிட்டான். ஆதலால் நொக்ஸ் மலைநாட்டுக் கிராமத்தை அடுக்களைப் பக்கமிருந்து கண்டார். பின்னர் எலதெத்த என்னும் ஊரில் 25 லாறின் காசுக்குக் காணி வாங்கி, குல்லாய் பின்னி விற்றும், பன்றியும் கோழியும் வளர்த்தும், நெல்லைக் கடன் கொடுத்தும் அவ்வூர்க் குடியானவருள் ஒருவராகவே வாழ்ந்தார்.

அவர் வரைந்து காட்டும் கிராமத்தில் முதலிற் கண்ணிற்படுவது வயல். மலைச்சரிவைப் படிக்கட்டுப்போல வெட்டி, சரிவின் கடுமைக்கேற்ப மூன்றடி முதல் எட்டடிவரை அகலமுள்ள சிறு தட்டுக்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரம்பு கட்டியிருந்தனர். மேலேயுள்ள ஊற்றிலிருந்து வாய்க்கால்வழியே வரும் நீர் முதற்றட்டை நிரப்பி அடுத்ததில் இறங்கும். அவ்வாறே அடிவாரம்வரை செல்லும். ஏழு மாதத்தில் விளையும் நெல் முதல் மூன்று மாதத்தில் விளையும் நெல் ஈறாகப் பல இனங்களின் பெயர்களை நொக்ஸ் தருகின்றார். நீர் எத்தனை மாதத்துக்குக் கிடைக்கும் என்பதைக் கணித்தே விதைநெல் தெரிவுசெய்யப்பட்டது. நீண்ட நாள் நெல்லே மிகுந்த பலன் தருவது. ஆனால் நீர் குறையும் வயலில் அதனை விதைத்தவன் வைக்கோலைத்தான் அறுப்பான். வயல்களுக்கிடையே வேலி இல்லாமையால் ஊரார் அனைவரும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுக்கவேண்டியிருந்தது. அறுவடை முடிந்ததும் மாடுகள் வயலெங்கும் மேயும். எனவே ஒருவன் பிந்தி விதைப்பானாயின், குறுகிய காலத்தில் விளையும் இனத்தை விதைத்து மற்றையோருடன் சேர்ந்துகொள்ள வேண்டும். அரிவி வெட்டுக்கு ஊரார் ஒருவர்க்கொருவர் கைமாறாக உதவினர். அன்றைய உணவு வயற்காரனைச் சார்ந்தது. ஆடவர் அறுப்பர், பெண்கள் கதிரைச் சேர்த்துக் களத்துக்குச் சுமப்பர், எருமைகள் சூடு மிதிக்கும்.

இத்தனை நுணுக்கமான நீர்க்கணக்கும் கூட்டுழைப்பும் உடைய மக்களைச் சோம்பேறிகள் என்று எவரேனும் கூறத் துணிவரோ எனின், நொக்ஸே கூறுகின்றார். பிழைத்திருக்க வழியுண்டேல் இவர்கள் வேலையை வெறுப்பர் என்பது அவர் கூற்று. இக்கூற்றுக்குப் பின்வருவனவற்றை நோக்குமுன், அக்கிராமத்தார் எவ்வளவினால் நிறைவுற்று வாழ்ந்தனர் என்பதை அறிதல் வேண்டும்.

வீடுகள் தாழ்ந்தவை; தடிகளை நாட்டிக் களிமண் பூசி வைக்கோலால் வேயப்பட்டவை. மாடி கட்டுதலும், ஓடு வேய்தலும், சுவருக்குச் சுண்ணாம்பு தீட்டுதலும் குடிகளுக்குத் தடுக்கப்பட்டிருந்தன. வீட்டினுள்ளே பாய், மட்பாண்டங்கள், உரல் உலக்கை, குரக்கன் திரிக்கும் திரிகை, தேங்காய் துருவும் துருவலை ஆகியவற்றுக்கு மேல் அதிகம் இல்லை. அரிசியும் உப்பும் வீட்டில் இருந்தாற் குறையொன்றுமில்லை என்று கருதினர்; சில பச்சிலைகளும், எலுமிச்சம் புளியும், மிளகும் சேர்ந்துவிட்டால் அது நல்ல சாப்பாடு. அரிசி குறைந்த காலத்துக்குச் சேனையில் விளைந்த குரக்கனும் பலாவும் கைகொடுத்தன. பலாவை இளம்பிஞ்சாகவும், முற்றிய காயாகவும், பழமாகவும் வெவ்வேறு பெயரிட்டு உண்டதை நொக்ஸ் விவரித்து, ஏழைகளின் வயிற்றை நிரப்புவது அதுவே என்கின்றார். ஒரு மரம் ஒரு குடும்பத்தைப் பஞ்சத்திலிருந்து காப்பாற்றிய செய்தி யாழ்ப்பாணத்துப் பனையை அறிந்தோருக்கு விளக்க வேண்டுவதில்லை.

உப்புத்தான் பெருங்கவலை. மலையில் எல்லாம் விளையும், உப்பு விளையாது. புத்தளத்து உப்புக்கு ஒல்லாந்தரின் கை குறுக்கே நின்றது. தென்கிழக்குக் கரையில் இயற்கையாகவே உப்பு விளையும் இடமுண்டு. ஆயின், அவ்வழி மலைநாட்டாரின் உடலுக்கு ஒவ்வாதது. போர்க்காலத்தை எண்ணி உப்பையும் தானியத்தையும் வீடுகளிற் சேமித்துவைப்பது வழக்கமாயிருந்தது. அட்டைக் கடிக்கு மருந்தும் உப்பும் எலுமிச்சையுமே. மழைக்காலத்தில் மலைவழி நடந்தவர் அதனைத் துணியில் முடிந்துகொண்டு சென்றனர்.

கிராமத்தின் தனிமை மலையும் காடும் தந்தது மட்டுமன்று. ஒருவர்பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒடுங்கிய கணவாய்களில் முட்கதவுகள் இடப்பட்டு, காவலர் நிறுத்தப்பட்டிருந்தனர். கடந்து செல்வோர் களிமண்ணிற் பதித்த அடையாளம் காட்டவேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி ஏந்திய உருவம். கூலியாளுக்குக் காவடித் தடியில் இருபுறமும் பொதி தொங்கும் உருவம். வெள்ளையனுக்குத் தொப்பியும் இடைவாளும் உடைய உருவம். எத்தனை பேரோ அத்தனை உருவம் அக்களிமண்ணில் இருத்தல் வேண்டும். எழுத்தறியாத காவலனும் எண்ணிப் பார்க்கத்தக்க அனுமதிச் சீட்டு இது. பகைவர் வருவதைத் தடுக்க இட்ட கதவு, உள்ளிருந்தோர் வெளிச்செல்வதையும் தடுத்தது. கிராமத்தாரும் இத்தனிமையைத் தம்மளவிற் பேணினர்: பெருவழியோரத்திற் குடியிருக்க அவர்கள் விரும்பவில்லை, சற்று ஒதுங்கி, நல்ல நீருள்ள இடத்தையே நாடினர். அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் இறந்துவிட்டால், பேய் குடிபுகுந்ததென அஞ்சி ஊரையே விட்டு நீங்குவதும் உண்டு.

அரசனுக்குரிய கடமைகளோ பல. காணி வைத்திருப்போர் அதற்கேற்ற இராசகாரியம் செய்தல் வேண்டும். காணியைத் துறந்தவனுக்குச் சேவையும் இல்லை. இக்கடமை தனக்குத் தாங்காதெனக் காணியைக் கைவிட்டோரும் இருந்தனர். புத்தாண்டிற் காணிக்கை, விளைவில் முதற்பலன் ஆகியவை வேறு. மாட்டுப் பட்டி உடையவன் இறந்தால், காளையும் கன்றோடு பசுவும், கடாவும் எருமையுமாக அரசனுக்குச் செலுத்தும் மரண வரி ஒன்றும் இருந்தது. இல்லாதவன் இறந்தால் இவ்வரி இல்லை. சேர்த்தவன் இறந்தாலே வரி என்பது கவனிக்கத்தக்கது. ஊர் வழக்குகளை ஊர்ப் பெரியோர் கூடும் கம்சபை தீர்த்துவைத்தது. நெற்கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி. இது கொடிதே; எனினும் கடன் இரட்டித்தபின் எத்தனை ஆண்டு சென்றாலும் மேலும் ஏறாது என்னும் வரையறை ஒன்றும் அவ்வழக்கத்தினுள் அடங்கியிருந்தது. 

இனி, நொக்ஸ் சொன்ன சோம்பலுக்கு வருவோம். குற்றச்சாட்டைக் கூறிய அதே மூச்சில் அவர் அம்மக்களுக்காகச் சிறிது வாதாடவும் செய்கின்றார். உணவுக்கும் உடைக்கும் மேலாகத் தேடி இவர்கள் யாது செய்வர்? பொருள் பெருகினால் வரியும் உடன் பெருகும். பொருளுடையவன் என்று அறியப்பட்டால் அது பறிக்கப்படும் என்ற அச்சம். விளைந்ததை விற்பதற்குச் சந்தையும் இல்லை. சோழமண்டலக் கரையில் விலைபோகக்கூடிய பாக்கு மலைச்சாரலெங்கும் காய்த்தது. கரையோரத் துறைகள் ஒல்லாந்தரிடமும், அவற்றுக்குச் செல்லும் வழிகள் முட்கதவுகளின் பின்னும் இருந்தன. ஆகவே, மலைநாட்டான் உழைக்க மறுத்தது அரசனின் பண்டசாலைக்காக உழைப்பதையே. தன் வயலில் அவன் உழைத்த உழைப்புக்கு அந்தப் படிக்கட்டு வயல்களே சான்று. சுண்ணாம்பு தீட்டாத சுவர் வறுமையை மட்டுமன்று, விவேகத்தையும் காட்டிற்று எனலாம்.

இவ்வாறு நியாயம் உரைத்த நொக்ஸைக் குற்றமற்ற சாட்சியாகவும் கொள்ளலாகாது. இங்கிலாந்துக்கு மீண்டபின் அவர் கிழக்கிந்தியக் கும்பனியின் கப்பற்றலைவராகி, மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கும் தொழிலிலும் ஈடுபட்டார். பிறர் நாட்டில் அடைபட்டிருத்தலின் துன்பத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய கை அது.

முட்கதவுகள் 1815 இல் வீழ்ந்தன. 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய படைகள் ஊவாவில் நெற்குவியல்களையும் வீடுகளையும் எரித்தன. அதன்பின் வீதிகள் வந்தன. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. நொக்ஸ் சுட்டிய மூன்று தடைகளும் நீங்கிவிட்டமையால் மலைக்கிராமம் செழித்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்டப்படாத காட்டையும் சேனையையும் முடிக்குரியதாகக் கொண்டது. ஓலையில் எழுதாமலே தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவன் எந்த உறுதியைக் காட்டுவான்? அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. தோட்டக்கூலிக்குக் கிராமத்தான் வர மறுத்தபோது, சோம்பல் என்னும் பழைய சொல் துரைமார் வாயில் மீண்டும் ஒலித்தது. தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறினர். நொக்ஸ் உயிர்தப்பி வந்து சேர்ந்த அதே கரைப்பகுதியிலிருந்து, எதிர்த்திசையில் அவர்கள் நடந்தனர். வழியிலே நோயால் மாண்டோர் பலர். 1848 இல் வந்த வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் வேலை, அன்றேல் அதற்கீடாகப் பணம் என்றது. இராசகாரியம் வேறு பெயரில் வந்ததாக மாத்தளை மக்கள் கருதியதில் வியப்பில்லை.

எல்லாவற்றினும் கொடியது தானிய வரியின் கதை. 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நெல்லுக்குரிய வரி பணமாக அறவிடப்பட்டது. கிராமத்தான் தன் வீட்டுப் புறத்தில் நட்டிருந்த சில கோப்பிச் செடிகளே அவனுக்குக் காசு தந்தவை. 1869 இல் தோன்றிய இலைநோய் தோட்டங்களை மட்டுமன்றி அச்செடிகளையும் அழித்தது. நெல் இருந்தும் காசு இல்லாதவன் வரி கட்டத் தவறினான். வயல் ஏலத்திற் போயிற்று. நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் 1880 களில் இவ்வாறு வயலிழந்தோர் பலர் பட்டினியாலும் நோயாலும் மடிந்ததை, அம்மாவட்டத்து உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் வெளிப்படுத்தினார். தோட்டத்துரையும் வணிகருமான ஜோர்ஜ் வோல் இங்கிலாந்துவரை இதனை எடுத்துச்சென்று வாதாடினார். இராசசிங்கனின் காலத்தில் கடமை தாங்காதவன் காணியைத் தானே விட்டு நீங்கினான். இப்போது காணி அவனை விட்டு நீக்கப்பட்டது.

தானிய வரி 1892 இல், ஹவ்லொக் தேசாதிபதியாயிருந்த காலத்தில் ஒழிக்கப்பட்டது. அதற்குள் வலப்பனையின் பல வயற்றட்டுக்களில் வரம்பைக் கட்டுவாரின்றி, மேலேயுள்ள ஊற்றுநீர் வாய்க்காலை விட்டு மலைச்சரிவில் தன்போக்கில் ஓடிற்று.