பகிர் மெய்நிகர்வெளி

பலர் ஒரே நேரத்தில் நுழைந்து, ஒருவரையொருவர் கண்டு, பேசி, கூடிச் செயல்படும்படி கணினியும் ஒளி, ஒலிக் கருவிகளும் உண்டாக்கும் சூழல் பகிர் மெய்நிகர்வெளி எனப்படும். தலைக்கருவியை மாட்டிக்கொண்டு ஒருவர் தனியே காணும் காட்சி இதில் சேராது. கூட ஆள் இருக்கிறார் என்ற உணர்வே இதன் இலக்கணம். பாரதக் கதையில் மயன் கட்டிய சபையில் தரையென்று நம்பித் தடாகத்தில் விழுந்த துரியோதனனுக்கு, நனைந்ததைவிடப் பார்த்தவர்கள் சிரித்ததுதான் வலித்தது.

உலக அளவில் இதன் தொடக்கத்தைக் கணினிக் கலைஞர் மைரன் குரூகரிடம் காணலாம். 1970களின் நடுவில் அவர் அமைத்த 'வீடியோபிளேஸ்' என்ற ஏற்பாட்டில், தனித்தனி அறைகளில் நின்றவர்களின் நிழலுருவங்கள் ஒரே திரையில் சந்தித்தன. நிழல்மேல் நிழல் பட்டதும் ஆட்கள் சட்டென்று விலகிக்கொண்டதை அவர் கவனித்தார். 1992இல் சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான 'கேவ்', சுவரிலும் தரையிலும் படம் விழும் அறை. சிலர் சேர்ந்தே உள்ளே நிற்கலாம். 2003இல் 'செகண்ட் லைஃப்' என்ற இணைய மெய்நிகர் உலகம் வந்தது. ஃபேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபரில் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகு, இத்தகைய வெளிகளைக் குறிக்கும் 'மெட்டாவெர்ஸ்' என்ற சொல் பத்திரிகைகளில் அன்றாடம் அடிபட்டது.

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்கதையை, தாம்பரத்தை அடுத்து 1995இல் கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்காவைத் தொடங்கிய திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சனிடம் காணலாம். இவர் தயாரித்து மகன் ஜிஜோ இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். இதில் இரு கண்களுக்கும் உரிய இரு படங்கள் வெவ்வேறு திசையில் முனைவாக்கப்பட்ட ஒளியாகத் திரையில் விழும். கண்ணாடி அவற்றைப் பிரித்து அந்தந்தக் கண்ணுக்கு அனுப்பும். சாதாரண வெள்ளைத் திரை அந்த முனைவாக்கத்தைக் கலைத்துவிடும் என்பதால் வெள்ளிப்பூச்சுத் திரை தேவைப்பட்டது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கண்ணாடிகள் கைமாறின. உடனே, இந்தக் கண்ணாடியால் 'மெட்ராஸ் ஐ' பரவுகிறது என்ற வதந்தி கிளம்பியது! கண்ணாடிகள் ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கிருமிநீக்கம் செய்யப்படுகின்றன என்று பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ரஜினிகாந்த் முதலியோர் விளக்கும் துண்டுப்படத்தை முன்னால் சேர்க்கவேண்டி வந்தது. கருவியைப் பொதுவில் பயன்படுத்தும் இடத்தில் எல்லாம் இந்தச் சங்கடம் தொடர்கிறது. இன்றைய தலைக்கருவியையும் துடைத்துத்தான் அடுத்தவருக்குத் தருகிறார்கள்.

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் (1988) குவிமாடத்துக்கடியில் ஒரு கூட்டத்தையே அண்ணாந்து பார்க்க வைத்தது. ஆனால் பார்வையாளர் அங்கே எதையும் மாற்ற முடியாது. ஏ.ஆர். ரஹ்மான் இயக்கி, 2022இல் கான் நகரில் காட்டப்பட்ட 36 நிமிட 'லே மஸ்க்' படத்துக்கும் இது பொருந்தும். அசையும் நாற்காலியும் மணமும் சேர்ந்த அனுபவம் என்றாலும் அவரவர் நாற்காலியில் அவரவர் தனி. இவற்றை முன்னோடிகள் என்று கொள்வதே சரி.

இலக்கணத்துக்கு முழுதும் பொருந்திய தமிழ்நாட்டு நிகழ்வு 2022 பிப்ரவரி 6 அன்று நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் காலையில் நெருங்கிய உறவினர்களோடு ஒரு திருமணம். கொரோனா கட்டுப்பாடுகளால் ஊரைக் கூட்டமுடியாத நேரம் அது. சென்னை ஐஐடியில் பணியாற்றிய மணமகன், வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைக்க முடிவு செய்தார். சென்னையின் டார்டிவெர்ஸ் நிறுவனம், ஹாரி பாட்டர் கதையின் ஹாக்வார்ட்ஸ் கோட்டை பாணியில் மண்டபத்தை அமைத்துக் கொடுத்தது. தலைக்கருவி கட்டாயமில்லை, கைபேசியிலும் மடிக்கணினியிலும் நுழைந்த விருந்தினர், தமக்கென ஓர் உருவத்தைத் தேர்ந்துகொண்டு உள்ளே உலவினர். மொய் கூகுள் பே வழியாகப் போனது, கிரிப்டோ நாணயமாகவும் கொடுக்கலாம் என்றார்கள். பந்தி மட்டும் இல்லை. முந்தைய ஆண்டு காலமான மணமகளின் தந்தை உருவமாக வந்து ஆசி வழங்கியதைத்தான் ஊடகங்கள் பெரிதாகப் பேசின. இறந்தவரை இப்படி வரவழைப்பது தகுமா என்ற கேள்வி எழாமல் இல்லை. ஆனால் நம் வீடுகளில் மாலை போட்ட படத்தின் முன் விழுந்து வணங்கிவிட்டே மணமேடை ஏறுகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு இது அவ்வளவு தூரமில்லை. வரலாற்று நோக்கில் கவனிக்கவேண்டியது வேறொன்று. கருவி விற்பதற்காக எடுத்த விழாவாக இது இருக்கவில்லை. விழா முன்பே முடிவாகி, ஆட்கள் வரமுடியாமல் போனதால் கருவி தேடப்பட்டது. ஊரடங்கு காலத்தில் ஜூமில் நடந்த வளைகாப்புகளுக்கும் அறுபதாம் கல்யாணங்களுக்கும் இதே காரணம்தான்.

கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் மண்டபங்கள் நிரம்பின, இந்த வகை வரவேற்புகள் பெருகவில்லை. ஆராய்ச்சி தொடர்ந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் தொடுஉணர்வு ஆய்வுக்கூடம், வழுவழுப்பான திரையைத் தடவும் விரலுக்குச் சொரசொரப்பும் விளிம்பும் தட்டுப்படச் செய்யும் 'ஐடேட்' தொழில்நுட்பத்தை 2022இல் வெளியிட்டது. விரலுக்கும் திரைக்கும் இடையிலான உராய்வை மின்புலத்தால் கூட்டிக் குறைக்கும் உத்தி இது. அதே ஐஐடியில் இயங்கும் எக்ஸ்டிஐசி மையம், இத்துறைத் தொழில்முனைவோரையும் கல்வி நிறுவனங்களையும் ஒரே கூட்டமைப்பில் இணைத்துவருகிறது.