மெல்லொலியின் விலை

மாதச் சந்தா செலுத்தி, இணையத்தின் வழியே இசை கேட்கும் வழக்கம் இன்று நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. ஒரே பாடல், ஆயினும் இலவசமாகக் கேட்போருக்கு ஒரு தரம், பணம் செலுத்துவோருக்கு வேறொரு தரம். இந்த வேற்றுமை எவ்வாறு பிறந்தது? சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

சோனி, பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியலை நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிவாகிறது. ஒரு நொடி இசைக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தேவை. அந்நாளைய தொலைபேசிக் கம்பிகள் இவ்வளவு சுமையைத் தாங்கவில்லை.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய குழுவினரும் இதற்கு வழி தேடினர். நம் செவியின் குறை ஒன்றே அவர்களுக்குத் துணையாயிற்று. பேரொலி எழும்போது, அதனையொத்த அதிர்வெண்ணில் ஒலிக்கும் மெல்லொலி நமக்குக் கேட்பதில்லை. ஆலய மணி முழங்குகையில் அருகிலிருப்பவரின் செபம் அமிழ்ந்துபோவதில்லையா? கேளாத ஒலியை எதற்காகச் சுமப்பது என்று அவர்கள் அதனை நீக்கினர். இசை ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காக, 128 கிலோபிட்டாகச் சுருங்கியது. 1995-இல் அது ‘எம்பி3’ என்னும் பெயரைப் பெற்றது. இம்முறைக்குக் கடும் சோதனையாக அமைந்தது ஆரவார இசையன்று; சுசான் வேகா என்னும் பாடகி இசைக்கருவியேதுமின்றித் தனிக்குரலில் பாடிய பாடலே என்பது நம் சிந்தனைக்குரியது.

சுருங்கிய இசை எளிதில் பயணம் செய்தது. 1999-இல் தோன்றிய நாப்ஸ்டர் வழியாக மக்கள் பாடல்களை விலையின்றிப் பரிமாறிக்கொண்டனர். வழக்குகளால் அது 2001-இல் மூடப்பட்டது. 2008-இல் சுவீடனிலிருந்து ஸ்பாட்டிஃபை வந்தது. பின்னாளில் அதில் இலவசமாகக் கேட்போருக்கு 160 கிலோபிட் வரையும், சந்தாதாரருக்கு 320 கிலோபிட் வரையும் என்று அளவு வகுக்கப்பட்டது. 2014-இல் டைடல் நிறுவனம் எதையும் நீக்காத குறுந்தகட்டுத் தரத்தை அளித்தது. அமெரிக்காவில் அதன் மாதக் கட்டணம் அப்போது 19.99 டாலராக, வழக்கமான கட்டணத்தைப் போல் இருமடங்காக இருந்தது. பின்னர் 2021-இல் ஆப்பிள், அமேசான் ஆகிய இரண்டும் கூடுதல் கட்டணமின்றி அத்தரத்தைத் தம் சந்தாதாரருக்கு வழங்கின. ஸ்பாட்டிஃபை 2025-இல் அவ்வழியே வந்தது.

அப்படியாயின் நாம் இழந்திருந்தது எது? ஸ்பெயின் நாட்டுச் சிலோஸ் மடத்தின் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் பாடிய கிரகோரியன் இசைத்தொகுப்பு, 1994-இல் பல இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று. அப்பாடல்களின் அழகு குரலில் மட்டுமன்று; குரல் ஓய்ந்தபின் கற்சுவர்களிடையே மெல்லத் தேய்ந்து மறையும் எதிரொலியிலும் உள்ளது. மிகுதியாகச் சுருக்கப்பட்ட பதிவில் முதலில் சிதைவனவற்றுள் அந்த எதிரொலியும் ஒன்று.

எனினும் உண்மையை உள்ளபடி கூறவேண்டும். எது எதுவென்று அறிவியாமல் இரண்டையும் ஒலிக்கச் செய்தால், 320 கிலோபிட் இசைக்கும் முழு இசைக்கும் இடையே வேற்றுமை காண்போர் மிகச் சிலரே. கம்பியில்லாத காதணிக் கருவிகளுள் பெரும்பாலானவை, வந்துசேர்ந்த இசையை மீண்டும் சுருக்கியே செவிக்குத் தருகின்றன. எனவே உயர்ந்த தரத்திற்கான கட்டணத்தைச் செலுத்திவிட்டதாலேயே அத்தரத்தை நாம் கேட்டுவிட்டோம் என்பதற்கில்லை.

ஓரேபு மலையில் இறைவாக்கினர் எலியா ஆண்டவரைக் காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் காணவில்லை. அவற்றிற்குப் பின் வந்த மெல்லொலியைக் கேட்டே முகத்தை மூடிக்கொண்டார். பேரொலிக்கு அருகிலுள்ள மெல்லொலி கேளாது என்று பொறியாளர் வகுத்த கணக்கு, செவியளவில் சரியானதே. அதே கணக்கை நம் வாழ்விலும் நாம் அறியாமலே கையாளுகிறோம். பணி, செய்தி, கேளிக்கை என்னும் முழக்கத்தினிடையே முதியவரின் அழைப்பும், குழந்தையின் கேள்வியும், மாலைச் செபமும் கேளாதவை என நீக்கப்படுகின்றன. நீக்கப்பட்ட இசையைச் சில ஆண்டுகளில் நிறுவனங்கள் திருப்பித் தந்துவிட்டன. நம் இல்லத்தில் நீக்கப்பட்டவற்றை நாமே அன்றோ திருப்பித் தரவேண்டும்! இன்று மாலை, கருவியைச் சற்றே நிறுத்திவிட்டு, அருகிலிருப்பவர் கூறுவதைக் கேட்போம்.