முகத்துவாரம் கடக்கும் 6205

பக்கவாட்டில் நாலே இலக்கம் பொறித்திருக்கும்: 6205. முதல் இலக்கமான 6, இது ஆழத் தடம் வெட்டிய பால் பேரிங் என்பதைச் சொல்கிறது. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளை வந்துவிடும், 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 52, அகலம் 15. இரண்டு வளையங்களுக்கு நடுவே பெரும்பாலும் ஒன்பது குண்டுகள். வயலில் ஓடும் பம்புசெட் மோட்டாருக்கும் பழவேற்காட்டு ஏரியின் பைபர் படகுக்கும் இதே எண்ணோ, இதற்கு முன்பின்னான எண்ணோதான் போகிறது.

குண்டும் வளையமும் ஒரே வகை எஃகு. ஏறக்குறைய ஒரு விழுக்காடு கரியும் ஒன்றரை விழுக்காடு குரோமியமும் சேர்த்து உருக்கி, சூடேற்றிக் கடினமாக்கி, கண்ணாடிப் பளபளப்புக்குத் தேய்க்கிறார்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் ஒரு துணி ஆலை இருந்தது. களிமண் தரை அமிழ அமிழ அங்கே தண்டுகள் கோணிக்கொண்டு, பேரிங்குகள் ஓயாமல் பழுதாயின. அந்த ஆலையின் பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட் 1907-இல் கோணலைத் தாங்கும் பேரிங்கை உருவாக்கினார். எஸ்.கே.எஃப். நிறுவனம் பிறந்த கதை அது. பின்னாளில் புனே அருகே சிஞ்ச்வாடிலும் அவர்களுடைய ஆலை வந்தது. ஒரு ஊரின் மண் தண்டைக் கோணலாக்கிப் பேரிங்கைக் கெடுத்த கதை பழவேற்காட்டுக்கும் பொருந்தும் என்பதால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

ஆலையிலிருந்து கிளம்பும் பேரிங் சென்னை பாரிமுனைப் பக்கத்துக் கடைகளுக்கு வருகிறது. அங்கிருந்து காகிதப் பெட்டியில் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரிக்கரை. வழியில் போலிப் பேரிங் கலந்துவிடும் ஆபத்து உண்டு. விலை பாதியாக இருந்தால் வாங்கக் கூடாது. கடலில் நடுவழியில் இன்ஜின் நின்றால், மிச்சம் பிடித்த பணத்தால் கரை வந்து சேர முடியாது.

லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் என்று, ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்களில் பைபர் படகுகள் நிற்கின்றன. பத்துக் குதிரைத்திறன் அளவிலான ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், அதன் பின்னால் நீண்ட வால் போன்ற குழாய், குழாய்க்குள் பேரிங்கின் துணையில் சுழலும் தண்டு, நுனியில் விசிறி. லாங் டெயில் என்பது இதுதான். ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லை. முகத்துவாரத்தில் அலை கொண்டுவந்து சேர்க்கும் மணல் மேடேறிவிட்டால் கடலுக்குப் போகும் படகின் விசிறி மணலில் இடிக்கும். ஒவ்வொரு இடியும் தண்டில் ஏறும். தண்டு நூலளவு வளைந்தாலும் போதும், ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கை உலுக்கும். பால் பேரிங்கின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். இந்த மும்மடிக் கணக்கை 1947-இல் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். முகத்துவாரத்து மணல் அதைத் தினமும் செய்துகாட்டுகிறது.

இன்னொரு எதிரி உப்புத் தண்ணீர். பேரிங்கின் ரப்பர் மூடி தூசியைத் தடுக்கும், தேங்கும் தண்ணீரைத் தடுக்காது. ஆயில் சீல் தேய்ந்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, கிரீஸ் பால்போல வெளுக்கும். படகு சில நாள் சும்மா கிடந்தால், குண்டு உட்கார்ந்த ஒவ்வொரு இடத்திலும் துருப்புள்ளி விழும். மறுபடி இன்ஜினை ஓட்டும்போது கரகரவென்று சத்தம் கேட்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பேரிங் உட்காரும் கூட்டின் மேல் வைத்துப் பிடியில் காதை வைத்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

கழற்றும் வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். லாக்கை எடுத்து, புல்லரின் கால்களை மாட்டி மெல்ல இழுப்பார்கள். துருப்பிடித்து அசையாவிட்டால் அலுமினியக் கூட்டைச் சூடாக்குவார்கள், எஃகைவிட அது அதிகம் விரியும். வெளிவளையம் மட்டும் கூட்டிலேயே சிக்கிக்கொண்டால் அதன் உள்பரப்பில் ஒரு சுற்று வெல்டிங் வைப்பது பழைய தந்திரம். வெல்டு ஆறி இறுகும்போது வளையமும் சுருங்கி, தானாகவே கழன்று விழும். பழைய டிராக்டர்களைப் பிரிக்கும் பட்டறைகளிலும் இதே வழக்கம்தான்.

கழற்றியதைத் தூக்கி எறியுமுன் பார்க்க வேண்டும். குண்டுகளின் இடைவெளியிலேயே சம தூரத்தில் மங்கிய தடங்கள் இருந்தால் தண்ணீர் காரணம். நீலமோ பழுப்போ பாரித்திருந்தால் கிரீஸ் இல்லாத சூடு. உள்வளையத்தில் ஒரே பக்கம் தேய்ந்து, வெளிவளையம் முழுச் சுற்றும் தேய்ந்திருந்தால் தண்டு வளைந்திருக்கிறது. இதைப் படிக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் பழையதின் வழியே போகும். பலரும் செய்யும் தவறு, சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றுவது. பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் தண்டில் புள்ளிக்குத்து போட்டு இறுக்குவதும் அப்படியே. அது சில நாளுக்குத்தான் தாங்கும். வெல்டிங் ஏற்றி லேத்தில் சீர் செய்வதுதான் சரி.

மாட்டும்போது எந்த வளையம் இறுகுகிறதோ அதில் மட்டும் தட்ட வேண்டும். தண்டில் ஏற்றுகிறபோது உள்வளையத்தில் சரியாக உட்காரும் ஒரு பைப் துண்டு போதும். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் அடி குண்டுகள் வழியே பாய்ந்து தடத்தில் பள்ளம் விழும். அப்படி மாட்டிய பேரிங் முதல் நாளே கிழடு.

கழற்றிய பேரிங்குகளில் இன்னும் சுழலக்கூடியவை சில நேரம் பிள்ளைகளின் கைக்குப் போகும். பலகையில் மூன்றைக் கோத்துப் பேரிங் வண்டி செய்து தெருவில் தள்ளுவார்கள். மற்றவை காயலான் கடையில் எடைக்கு. அங்கிருந்து உருக்கு உலைக்கு.